ஆச்சியின் கைப்பிடி அரிசி: முதலாம் ஆண்டு நினைவு மலரில் என்ன எழுதுவது?

தேரிக்காட்டுப் பேத்தி · 12 அக்டோபர் 2025

வருகிற நவம்பர் 9 ஞாயிற்றுக்கிழமையோட எங்க ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையாகி ஒரு வருஷம் ஆகுது. ஊர் ஏரலுக்குத் தெற்கே, செம்மண் தேரி தொடங்குற இடம். அன்னைக்கு ஆராதனை முடிஞ்சு கல்லறைத் தோட்டத்துல ஜெபம், அப்புறம் மதியச் சாப்பாடு. வர்றவங்க கையில குடுக்க நாலு பக்கத்துல ஒரு நினைவு மலர் அச்சடிக்கணும்னு வீட்ல பேசி முடிவாச்சு. எழுதுற பொறுப்பு எனக்கு வந்திருக்கு.

அண்ணன் ஒரு மாதிரி எழுதி அனுப்பியிருக்கான். பிறப்பு 1938, திருமணம் 1956, பிள்ளைகள் 5, பேரப்பிள்ளைகள் 13, பூட்டப்பிள்ளைகள் 6. யார் எந்த நாட்டுல என்ன வேலைன்னு ஒரு பட்டியல். மேல பெரிய எழுத்துல "பாசமிகு தாய், ஜெப வீராங்கனை". இதுல பொய்னு ஒண்ணுகூட இல்ல. ஆனா வாசிச்சா எங்க ஆச்சி கண்ணுல தெரியல. பக்கத்து வீட்டு ஆச்சி பேரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும்.

எனக்குத் தெரிஞ்ச ஆச்சியைச் சொல்றேன். அடுப்புல உலை கொதிக்கும். அரிசி சுளவுல இருக்கும். களையுறதுக்கு முன்னாடி வலது கையால ஒரு பிடி அள்ளி, அடுப்புத் திண்டுக்குப் பக்கத்துல இருக்கிற தகர டின்னுல போடுவாங்க. கை நிறைய அள்ளுவாங்க, விரலிடுக்குல நிக்கிறதைத் தட்டிவிட மாட்டாங்க. போடும்போது உதடு அசையும். அது ஒரு பேரு. திங்கள்லேருந்து சனி வரைக்கும் ஒவ்வொரு கிழமைக்கும் ரெண்டு பேரப்பிள்ளைங்க, கடைசியாப் பிறந்தவன் சனிக்கிழமையில மூணாவதா ஒட்டிக்கிட்டான். எனக்கு வியாழக்கிழமை. சின்ன வயசுல அதை ஏதோ பிறந்தநாள் மாதிரி நெனச்சு, வியாழக்கிழமைன்னா அடுக்களையிலயே நிப்பேன். ஞாயித்துக்கிழமைப் பிடி மட்டும் எங்க யாருக்கும் இல்ல. அது பனையேறுறவங்க எல்லாருக்கும். எங்க தாத்தா 1971-ல பனையிலேருந்து விழுந்து இறந்தாரு.

டின்னுல சேர்ந்த அரிசி ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகும். அரிசி இல்லாத காலத்துல கம்பு. அதுவும் இல்லன்னா ஒரு கருப்பட்டி, ஒரு கோழிமுட்டை. வெறுங்கையா போனதா யாருக்கும் ஞாபகம் இல்ல.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இங்க பலரும் பார்த்திருப்பீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு சொன்னாங்களே, அதே ராத்திரி. எங்க வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி. ஆச்சியை நாற்காலியோட தூக்கிப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டு போனாங்க. அவங்க மடியில ரெண்டே பொருள்: அந்த டின்னு, அவங்க வேதப்புத்தகம். மாடியில முப்பது நாப்பது பேர். கரண்டு இல்ல, ரோடு இல்ல, போன் இல்ல. மறுநாள் மத்தியானம் கைக்குழந்தைக்காரி ஒருத்தி பசியில தலை சுத்தி உக்காந்துட்டா. ஆச்சி டின்னைத் திறக்கச் சொன்னாங்க. எங்க மயினி தயங்கி, "ஆச்சி, அது காணிக்கை அரிசில்லா?"ன்னு கேட்டிருக்கா. "அதுக்குத்தாம்ளா எடுத்து வெச்சிருக்கு. உலையை வை" அப்படின்னுட்டாங்க. கஞ்சிதான். உப்பு மட்டும் எங்கேயோ கிடைச்சுதாம். நான் அப்ப கோயம்புத்தூர்ல போனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, நினைவு மலர்ல இதையெல்லாம் எழுதலாமா, இல்ல வழக்கமா எழுதுற மாதிரியே விட்டுடலாமா? அண்ணன் "அரிசி, கஞ்சின்னு எழுதினா வறுமையைக் காட்டுற மாதிரி இருக்கும்"ங்கிறான். ரெண்டாவது, அந்த வேதப்புத்தகம். அன்னைக்கு மழையில நனைஞ்சு உப்பிப் போச்சு. ஓரங்கள்ல ஆச்சி கையெழுத்து நிறைய இருக்கு. அஞ்சு பிள்ளைங்களும் "எனக்கு வேணும்"ங்கிறாங்க. பெரிய மாமா லேமினேட் பண்ணிடலாம்ங்கிறாரு. என்ன செய்யலாம்?

ஏட்டுக்கட்டு · 12 அக்டோபர்

முதல் வேலையாக மாமாவைத் தடுத்து நிறுத்துங்கள். லேமினேட் செய்துவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. சூட்டில் தாள் இன்னும் மக்கும். நான் நூலகத்தில் பழைய புத்தகப் பராமரிப்புப் பிரிவில் இருபது வருஷம் இருந்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நனைந்த புத்தகத்தை இரண்டு நாளைக்குள் உலர்த்த வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். உங்களுடையது அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் வழி இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளிகள் தெரிந்தால், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வெளியே காற்றோட்டத்தில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. வெயிலில் வைக்கவே கூடாது. ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க அவசரம் வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்றில் நாலைந்து நாள் விரித்து நிற்க வையுங்கள். பிரிகிறது தானாகப் பிரியும். பிரியாததை விட்டுவிடுங்கள். பக்கங்களுக்கு இடையே அச்சில்லாத வெள்ளைத் தாளை வைக்கலாம், செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும்.

பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். போனைப் புத்தகத்துக்கு நேர் மேலே பிடித்து, ஓரத்து எழுத்து முழுசாக வருகிற மாதிரி எடுங்கள். படங்கள் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரட்டும். அதற்குப் பிறகு புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்கிற சண்டை பாதி குறையும், பார்த்திருக்கிறேன்.

எழுத்து பேனா மையா, பென்சிலா?

தேரிக்காட்டுப் பேத்தி · 12 அக்டோபர்

ரெண்டும் இருக்கு ஐயா. மை எழுத்தெல்லாம் நீலமா கலங்கிக் கறையாப் போச்சு. பென்சில் எழுத்து அப்படியே நிக்குது. நல்லவேளை, ஆச்சி பெரும்பாலும் பேரப்பிள்ளைங்க தேய்ஞ்ச பென்சிலைப் பொறுக்கி வெச்சுத்தான் எழுதுவாங்க. சங்கீதம் ஒண்ணுக்குப் பக்கத்துல "மழை" அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை, பக்கத்துல தேதி. இன்னொரு இடத்துல "சின்னவனுக்கு காய்ச்சல் விட்டது". எங்க அம்மை கல்யாணத்தன்னைக்குத் தேதி மட்டும் இருக்கு, வேற ஒண்ணும் எழுதல.

உபதேசியார் மகன் · 13 அக்டோபர்

மகளே, உன் பதிவை வாசித்துவிட்டு நெடுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. எனக்கு 74 வயது. என் தகப்பனார் நாசரேத்துக்குப் பக்கத்தில் கிராமச் சபைகளில் உபதேசியாராக இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவரோடு வீடு வீடாகப் போய் கைப்பிடி அரிசி வாங்கிச் சாக்கில் கட்டியவன் நான். ஒரு வீட்டு அரிசி பச்சரிசி, இன்னொரு வீட்டுது புழுங்கல், அடுத்தது ரேஷன். எல்லாம் ஒரே சாக்கில் கலந்துவிடும். அந்தக் கலப்பரிசியை ஏலத்தில் எடுக்க யாரும் அவ்வளவாக முன்வர மாட்டார்கள். கடைசியில் சபைப் போதகரான ஐயரவாளே எடுத்துக்கொள்வார்.

உன் அண்ணனிடம் ஒன்று சொல். அந்த அரிசி வறுமையின் அடையாளம் அல்ல. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினார்கள். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் தூண். நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்குத் தெலுங்கு தெரியாத திருநெல்வேலிக்காரர்கள் போய், மொழி கற்றுக்கொண்டு ஊழியம் செய்தார்கள். 1912 டிசம்பரில் அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. சங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரிய ஜமீன்கள் யாரும் இல்லை. பனைத்தொழில் செய்த ஊர்களின் சில்லறைக் காணிக்கைதான். அந்தச் சில்லறையில் பாதி அடுப்படியிலிருந்து வந்தது என்பது சாக்குத் தூக்கிய எனக்குத் தெரியும்.

இன்னொன்று. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், முதல் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில், பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லி நினைக்கிறார். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாட்டி என்ற சொல் வருவது அந்த ஓரிடத்தில்தான். லோவிசாள் என்ன செய்தாள், எப்படி ஜெபித்தாள், ஒன்றும் எழுதப்படவில்லை. எனக்குச் சிறுவயதிலிருந்தே அது ஒரு குறை. அவள் அடுப்படியில் நின்று பார்த்த பேத்தி ஒருத்தி எழுதியிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கும்.

நீ எழுது.

உப்பளத்து மகள் · 13 அக்டோபர்

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லப்போறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க பாட்டி தூத்துக்குடி உப்பளத்துல வேலை பார்த்தவங்க. வெள்ளிக்கிழமை தவறாம உபவாசம். சர்க்கரை வியாதி வந்த பிறகும் விடல. மயங்கி விழுவாங்க, எந்திரிச்சு முகம் கழுவிட்டு மறுபடியும் முழங்கால்ல நிப்பாங்க. நாங்க எல்லாரும் அதைப் பெருமையாப் பேசினோம். "பாட்டி ஜெபம் இருக்கு, நமக்கென்ன"ன்னு சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். ஒரு ஆள்கூட "நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்"னு உக்காரல. காலை எடுக்க வேண்டியதாச்சு. அவங்க நினைவு மலர்ல "உபவாச வீராங்கனை"ன்னு போட்டோம். அதை இப்ப எடுத்துப் பார்த்தா எனக்குத் தொண்டை அடைக்குது.

அதனால சொல்றேன். கைப்பிடி அரிசியைப் பத்தி எழுதுங்க, கட்டாயம் எழுதுங்க. ஆனா அந்த ஒரு பிடி யார் தட்டுலேருந்து குறைஞ்சுதுன்னும் யோசிங்க. அஞ்சு பிள்ளைங்க, புருஷன் இல்ல. எங்க பாட்டி மாதிரி உங்க ஆச்சிக்கும் ஏதாவது ஆசை இருந்திருக்கும், கோபம் இருந்திருக்கும், அழுகை இருந்திருக்கும். "தியாகம்"னு ஒரு வார்த்தையைப் போட்டு அதையெல்லாம் மூடிடாதீங்க.

தேரிக்காட்டுப் பேத்தி · 13 அக்டோபர்

அக்கா, தப்பா எடுக்கவே இல்ல. உங்க பதிவைப் படிச்சிட்டு அம்மைக்குப் போன் போட்டேன். "ஆச்சி ஆசைப்பட்டுக் கிடைக்காதது என்னம்மா?"ன்னு கேட்டேன். அம்மை யோசிக்கவே இல்ல. "டீச்சர் ஆவணும்னு இருந்தாவ"ன்னு உடனே சொன்னா. அஞ்சாங்கிளாஸோட நிறுத்திட்டாங்களாம். நாப்பது வயசுக்கு மேல ஒரு பள்ளிக்கூட விடுதியில சமையல் வேலை கிடைச்சிருக்கு. மத்தியானம் பாத்திரம் கழுவினதும், மூணாங்கிளாஸ் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில உக்காந்து ஓலைப்பெட்டி முடைவாங்களாம். ஓலை வேலைக்கு நிழல் தேடித்தான் அங்க உக்காருறதா எல்லாரும் நெனச்சிருக்காங்க. பாடம் கேக்கத்தான் உக்காந்தாங்கன்னு அம்மைக்குப் பின்னாலதான் தெரிஞ்சிருக்கு. எனக்கு 13-ஆம் வாய்ப்பாடு சொல்லிக்குடுத்தது ஆச்சி. அஞ்சாங்கிளாஸ் படிச்சவங்களுக்கு அது எப்படித் தெரியும்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

இடையன்குடி லேஸ் · 14 அக்டோபர்

எங்க ஆச்சியையும் இந்த இடத்துல கொஞ்சம் நினைச்சுக்கிறேன்.

இடையன்குடின்னா எல்லாருக்கும் கால்டுவெல்தான் ஞாபகம் வரும். 1841-ல வந்தவர், கோயிலைக் கட்டி 1880-ல பிரதிஷ்டை பண்ணினவர், கல்லறையும் அந்தக் கோயிலுக்குள்ளதான். அவங்க மனைவி எலைசா நாகர்கோவில்ல வளர்ந்தவங்க. லேஸ் பின்னுற தொழிலை எங்க ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக் குடுத்தது அவங்க. எங்க ஆச்சி கை வரைக்கும் அது வந்துது. உருண்டைத் தலையணை, அதுல குத்தின குண்டூசி, நூல் சுத்தின கட்டைங்க ரெண்டு பக்கமும் தொங்கும். கட்டைங்க ஒண்ணோட ஒண்ணு இடிக்கிற சத்தம் எங்க வீட்ல மழை மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்தோடயே ஆச்சி கீர்த்தனை பாடுவாங்க. கட்டை வேகமாப் போனா பாட்டும் வேகமாப் போகும்.

கண் மங்கின பிறகு பின்னினது ஒரே ஒரு லேஸ். கோயில் ஆல்டர், அதான் பலிபீடம், அதுமேல விரிக்கிற துணிக்குக் கரை. ஒரு முழத்துக்கு மேல போக முடியல. நடுவுல ஒரு இடத்துல கண்ணி தப்பியிருக்கும். சித்திமார் அதைப் பிரிச்சுச் சரி பண்ணலாம்னாங்க, எங்க அம்மா விடல. அந்தத் துண்டு எங்கிட்டதான் இருக்கு.

உங்க அண்ணன்கிட்ட டின்னை ஒரு போட்டோ எடுத்து மலர்ல போடச் சொல்லுங்க. ஆச்சி போட்டோ பக்கத்துலயே.

காவிரிக்கரை · 14 அக்டோபர்

நாங்கள் கும்பகோணம், சைவக் குடும்பம். எங்கள் பாட்டியின் அடுப்படியிலும் பிடியரிசிப் பானை இருந்தது. காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடியரிசித் திட்டத்துக்காக வைத்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த என் இஸ்லாமியத் தோழி வீட்டில் மதரஸாவுக்குப் பிடியரிசி எடுப்பார்கள். மூன்று வீட்டிலும் எடுத்த கை பெண்களுடையது. வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, உங்கள் ஆச்சிக்கு என் வணக்கம்.

மலைநாட்டு நர்ஸ் · 14 அக்டோபர்

மிசோரத்தில் ஐஸ்வாலில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே இதற்கு புஃபாய் தாம் என்று பெயர். 1910 முதல் நடக்கிறது. ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு பிடி எடுத்து வைப்பார்கள், அதற்கென்றே அடுப்படியில் தனிப் பாத்திரம் உண்டு. வீட்டுக்காரம்மா முதல் நாள் எனக்கு அதைக் காட்டியபோது "எங்க ஊர்லயும் உண்டு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். சாத்தான்குளத்தில் இருக்கும் என் அம்மாவின் கை ஞாபகம் வந்துவிட்டது.

அளவுகோல் · 15 அக்டோபர்

நேற்று என் அம்மாவை அரிசியை ஒரு பிடி அள்ளச் சொல்லிச் சமையல் தராசில் வைத்தேன். மூன்று தடவை செய்து சராசரி 42 கிராம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் வருஷத்துக்கு 30 கிலோவுக்கு மேல். 1956 முதல் 2023 வரை 67 வருஷம். இரண்டு டன்னுக்கு மேல் வருகிறது. மலரில் இந்தக் கணக்கைப் போடலாமே.

தேரிக்காட்டுப் பேத்தி · 15 அக்டோபர்

அண்ணா, ரொம்ப நன்றி. ஆனா எங்க வீட்ல ஒருநேரம்தான் சோறு பொங்குவாங்க, ராத்திரிக்கு. காலையில பழையது, மத்தியானம் அதுல மிஞ்சினது. அதனால ஒரு நாளைக்கு ஒரு பிடிதான்.

அளவுகோல் · 15 அக்டோபர்

அப்படியானால் வருஷத்துக்கு 15.33 கிலோ. 67 வருஷத்துக்கு 1,027 கிலோ. பாதியாகக் குறைத்த பிறகும் ஒரு டன். ஒருநேரம் பொங்குகிற வீட்டிலிருந்து ஒரு டன்.

பனங்காடு · 16 அக்டோபர்

கல்லறைக்கல்லில் என்ன பொறிக்கப் போகிறீர்கள்? எங்கள் ஊரில் அதற்குத்தான் பெரிய தகராறு நடக்கும். எந்தப் பட்டம், எத்தனை பேர் பெயர் என்று.

டோனாவூருக்கு ஒரு தடவை போய் வாருங்கள். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 50 வருஷம் அங்கேயே இருந்து, பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் கோயில்களுக்கு விடப்பட்ட பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார். 1951 ஜனவரியில் இறந்தார். தனக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் "அம்மா" என்ற ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள். நான் போன அன்று தொட்டிக்குப் பக்கத்தில் மைனா ஒன்று உட்கார்ந்திருந்தது.

அஞ்சாவது பிள்ளை · 18 அக்டோபர்

இவ ஆச்சியோட கடைசி மக நான். இவளுக்குச் சித்தி. மகன் இந்த இழையைப் போன்ல காட்டினான். எனக்கு டைப் பண்ண வராது, நான் சொல்லச் சொல்ல அவன் அடிக்கான்.

எங்கப்பா 1971 ஆனி மாசம் பதனீர் இறக்கப் போன இடத்துல விழுந்து போனாரு. அப்ப நான் அம்மை வயித்துல இருக்கேன். அப்பா முகம் நான் பாக்கல. துக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர், "குடும்ப ஜெபம் குறைஞ்ச வீட்டுல இப்பிடித்தான் நடக்கும்"னு அம்மை காதுபடச் சொல்லிட்டாரு. எங்க வீட்ல ஜெபம் குறையல. அப்பா பனைக்குப் போறதுக்கு முன்ன விடியக்காலம் நாலு மணிக்கே ஜெபம் பண்ணிட்டுத்தான் போவாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது எங்க மூத்தக்கா. அம்மை எங்கிட்டச் சொன்னதே இல்ல.

அதுக்குப் பெறகு அம்மை கோயிலுக்குப் போகல. ஒருநாள் ரெண்டு நாள் இல்ல, அஞ்சு மாசம். ஐயர் வீட்டுக்கு வந்தாரு. கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுத்துட்டுப் பேசாம நின்னாவளாம். குடும்ப ஜெபத்துக்கு எங்க அக்காவை ஜெபிக்கச் சொல்லிட்டு அம்மை வாயைத் திறக்கலையாம். வேதப்புத்தகத்துல பாருங்க, அந்த அஞ்சு மாசத்துக்கு ஒரு தேதியும் இருக்காது.

ஆனா தெனமும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுக்கிறதை மட்டும் நிறுத்தல. டின்னு நெறஞ்சுது. அப்புறம் மண்கலயத்துல போட்டாவ. அதுவும் நெறஞ்சுது. அரிசியும் கம்பும் கலந்து கிடக்கு, வண்டு விழுகு. எங்க அண்ணனுக்குப் பதிமூணு வயசு, பசி. "நாம கஞ்சித்தண்ணி குடிக்கோம், அங்க அது வீணாப் போவுதே, எடுத்துப் பொங்கும்மா"ன்னு அழுதிருக்கான். அம்மை பதில் சொல்லலையாம். சுளவுல கொட்டி வண்டு பொறக்கிட்டு, திரும்பவும் கலயத்துலயே போட்டுட்டாவளாம்.

நான் பொறந்து நாப்பது நாள் கழிஞ்சு, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்து முதல் ஞாயிறு. விடிஞ்சதும் குளிச்சு, எல்லாத்தையும் ஒரு கடவப்பெட்டியில கொட்டித் தலையில வெச்சு, என்னை இடுப்புல இடுக்கிக்கிட்டுக் கோயிலுக்கு நடந்தாவ. நாலு படிக்கு மேல இருந்துதாம். காணிக்கை எடுக்கிற நேரத்துல எந்திரிச்சுப் போய் வெச்சாவ. கணக்கெழுதுறவரு அதை ஒரு வாரத்துக் காணிக்கைன்னு எழுதிட்டாரு. அம்மை ஒண்ணும் திருத்தலயாம்.

இது வெளிய தெரிய வேண்டாம்னுதான் அக்கா இத்தனை வருஷம் வெச்சிருந்தா. இன்னைக்கு அவகிட்டக் கேட்டேன், எழுதுன்னுட்டா. எங்கம்மைக்கு ஆண்டவர் மேல கோபம் இருந்துது. அதையும் சேத்து எழுது மக்ளே.

உப்பளத்து மகள் · 18 அக்டோபர்

சித்தி, நான் அழுதுட்டேன். உங்க அண்ணன் இப்ப நல்லா இருக்காங்களா?

அஞ்சாவது பிள்ளை · 18 அக்டோபர்

நல்லா இருக்கான் தாயி. லேமினேட் பண்ணணும்னு நின்னவன் அவன்தான். இந்த இழையைக் காட்டினோம். ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போய்ப் புத்தகத்தை எடுத்துக் காத்தாடிக்குக் கீழ விரிச்சு வெச்சான்.

உபதேசியார் மகன் · 19 அக்டோபர்

அம்மா, நாலு படி கலப்பரிசி. எந்தச் சாக்கிலோ யாரோ ஒரு சிறுவன் அதைக் கட்டியிருப்பான். 1971-இல் எனக்கு இருபது வயது, அது நான் இல்லை. ஆனாலும் கை கனக்கிறது.

சபையின் காணிக்கைப் பதிவேடு இன்னும் இருக்கிறதா என்று உங்கள் வட்டாரத்துப் போதகரான சேகர குருவிடம் கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் இடமில்லை என்று எரித்துவிட்டார்கள், அது பெரிய இழப்பு. இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆவணக் காப்பகம் ஒன்று உண்டு. குடும்பத்தார் சம்மதித்தால் வேதப்புத்தக ஓரக்குறிப்புகளின் ஒரு பிரதியை எடுத்துக்கொள்வார்களா என்று அங்கே கேட்டுப் பார்க்கலாம். மிஷனரிகளின் கடிதங்களை எத்தனையோ பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆச்சிமார் கையெழுத்து எவ்வளவு இருக்கிறது?

தேரிக்காட்டுப் பேத்தி · 24 அக்டோபர்

பத்து நாளா ஊர்லதான் இருந்தேன், நேத்து காலையிலதான் கோயம்புத்தூர் வந்தேன். பதில் எழுதின எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

மலர் நாசரேத்துல அச்சுக்குப் போயாச்சு, 300 பிரதி. அண்ணன் வேலைப் பட்டியலை அவனே எடுத்துட்டான். முதல் பக்கத்துல ஆச்சி போட்டோ, பக்கத்துல டின்னு. இடையன்குடி அக்கா சொன்னபடியே. உள்ளே ஜன்னல் வேப்பமரம், 13-ஆம் வாய்ப்பாடு, வெள்ளத்தன்னைக்குக் கஞ்சி, அந்த அஞ்சு மாசம். சித்தி சொன்னதை ஒரு வரியும் மாத்தாம போட்டிருக்கேன். "ஜெப வீராங்கனை" இல்ல. 1,027 கிலோ கணக்கைப் போடலாமான்னு வீட்ல ரொம்ப நேரம் பேசினோம். ஆச்சி எண்ணிப் போடல, நாம எண்ண வேண்டாம்னு மூத்த பெரியம்மை சொல்லிட்டாங்க. அளவுகோல் அண்ணன் மன்னிச்சுக்கணும்.

பதிவேடு கிடைக்கல. 2023 வெள்ளத்துல கோயில் அலமாரியோட போயிட்டுதாம்.

வேதப்புத்தகம் இனிமே சித்தி வீட்ல. ஏட்டுக்கட்டு ஐயா சொன்ன மாதிரி எல்லாப் பக்கமும் படம் எடுத்து அஞ்சு வீட்டுக்கும் அனுப்பியாச்சு. 1971 ஆனிக்கும் அட்வெந்துக்கும் நடுவுல நானும் தேடிப் பார்த்தேன். தேதி இல்லதான். ஆனா யோபு புத்தகத்துல ரெண்டு தாள் மட்டும் மத்ததைவிட அழுக்கா, விரல் பட்டுப் பட்டு ஓரம் தேய்ஞ்சிருக்கு. அது எப்பத்தி அழுக்குன்னு சொல்ல முடியாது.

டின்னை எங்கிட்டக் குடுத்துட்டாங்க. இங்க ஃப்ளாட்டுல கேஸ் அடுப்புக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன். நேத்து வியாழக்கிழமை. ராத்திரி குக்கருக்கு அரிசி அளந்துட்டு ஒரு பிடி எடுத்தேன். யார் பேரைச் சொல்லணும்னு தெரியாம கையை அப்படியே வெச்சுக்கிட்டு நின்னேன். பேரப்பிள்ளைங்க வரிசையில சித்தி பேரு எந்தக் கிழமையிலயும் இருந்ததில்ல. அதைச் சொல்லிப் போட்டேன்.

நவம்பர் 9, காலை எட்டரைக்கு ஆராதனை. பக்கத்துல இருக்கிறவங்க கட்டாயம் வாங்க. ஏரல்லேருந்து மினி பஸ் இருக்கு, ஏழே முக்காலுக்கு ஒண்ணு. அதை விட்டா பத்து மணிக்குத்தான். இது பதனீர் காலம் இல்ல, கருப்பட்டிக் காப்பி இருக்கும்.